மிளகுக்கொடி, பதிவு எண் ஒன்று

மலையாளத் தலைநகரில் சாலை பஜார் என்ற கடைத்தெருவில் மலைச்சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கு, இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஜனவரியில் ஒரு காலை டெல்லியிலிருந்து போன் வந்தது. கடலைப் பார்த்த மாதிரி ஏசி டபுள் ரூம் ஒன்று இரண்டு நாளைக்கு வேண்டுமாம். தன்னிடம் மிளகும் ஏலமும் கிராம்பும் சுக்கும்தான் இருக்கின்றன, ரூம் இல்லை என்று அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியானால் தோட்டத்தைப் பார்த்த மாதிரி இருந்தாலும் போதும் என்றார் டெல்லிக்காரர்.

அந்த வாரத்தில் அப்படிப் பதினொரு போன் வந்தது. தேனிலவுக்கு வருகிற ஒருவர், கட்டிலில் ரோஜாப்பூ தூவி வைக்க முடியுமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து போனை எடுத்தது அண்ணாச்சியின் மனைவி. அதற்குப் பிறகு அண்ணாச்சியால் விஷயத்தைச் சும்மா விட முடியவில்லை. ஷார்ஜாவில் இருந்த மருமகனைத் துப்புத் துலக்கச் சொன்னார். மருமகன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். வடக்கே கடற்கரையில் ஏதோ ஒரு ரிசார்ட்டின் வெப்சைட், அண்ணாச்சி கடையின் வெப்சைட்டை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. கடைப் பெயர் இருந்த இடத்தில் ரிசார்ட் பெயர், மிளகு மூட்டை இருந்த இடத்தில் கட்டில். அடியில் சின்ன எழுத்தில் இருந்த சாலை பஜார் போன் நம்பரை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

அண்ணாச்சியின் வெப்சைட்டைச் செய்தவன் அழகியநம்பி. வயது முப்பது. இரும்பு வாளிக் கடையின் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்று ஓடும். விசிட்டிங் கார்டில் தன் பெயருக்குக் கீழே ‘வெப் ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டிருந்தான். அப்படி ஒரு பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று பஜாரில் யாரும் கேட்கவில்லை, அது என்ன என்று யாருக்கும் தெரியாததால்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெப்சைட்டின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மிளகுக்கொடி இறங்கும். அதை அவன் இருபத்தொரு நாள் உட்கார்ந்து வரைந்தான். உருண்டையில் தூசி அடைத்துத் திக்கித் திக்கி நகரும் பழைய மவுஸ், புள்ளி புள்ளியாக வைத்த இலை, ஒவ்வொரு இலைக்கும் ஆறு பச்சை. ஒவ்வொரு மிளகு மணியிலும் வெளிச்சம் பட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. பார்த்து வரைவதற்காக அவன் மனைவி கலைச்செல்வி பக்கத்து வீட்டுத் தென்னையில் படர்ந்திருந்த கொடியில் ஒரு துண்டு ஒடித்துவந்து, பாட்டில் தண்ணீரில் போட்டு மானிட்டர் மேல் வைத்தாள். பதினெட்டாம் நாள் கொடி வாடிவிட்டது. கண்ணால் கண்டதைத்தான் வரைவேன் என்று அவன் பிடிவாதமாக இருந்ததால், கடைசி மூன்று இலைகள் வெப்சைட்டிலும் வாடியே இருந்தன. அவனுக்கு அந்த மூன்று இலைகள் மேல் தனிப் பிரியம்.

திருட்டு போகாமலிருக்கவும் ஏற்பாடு செய்திருந்தான். வெப்சைட் பக்கத்தில் எங்கேயாவது மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால், ‘இது பாதுகாக்கப்பட்டது. நகல் எடுக்காதீர்’ என்று ஒரு பெட்டி எழும்பும். அலிகார் பூட்டு மாதிரி என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தான். இப்போது ரிசார்ட்டின் வெப்சைட்டைத் திறந்து, எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வலது பொத்தானை அழுத்தினான். ‘இது பாதுகாக்கப்பட்டது. நகல் எடுக்காதீர்’ என்றது. பூட்டையும் சேர்த்துத் தூக்கிப் போயிருந்தார்கள்.

அண்ணாச்சி அவனைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மிளகு மூட்டையில் கையை விட்டு அளைந்துகொண்டே மெதுவாகப் பேசினார்.

“லே நம்பி, ஒரே போர்ட ரெண்டு கடைக்கு வித்துருக்கே. நான் ஒண்ணும் பறயல்ல. ஆனா பஜாரு பறயும்.”

அவன் விற்கவில்லை, திருடிவிட்டார்கள் என்று சத்தியம் செய்தான். அண்ணாச்சி சத்தியத்தை நம்பும் ஆள் இல்லை. அவர் வாழ்க்கையில் நம்பியது தராசையும் முத்திரையையும்தான். சித்திரையில் வியாபாரிகள் சங்கத்தின் வருஷக் கூட்டம். அதற்குள் சர்க்கார் முத்திரை போட்ட ஒரு காகிதம் கொண்டுவந்தால் அவரே எழுந்து நின்று நம்பி கள்ளன் இல்லை என்று சொல்வார். கொண்டுவராவிட்டால், அதையும் அவரே எழுந்து நின்று சொல்வார். சாலையில் ஒருவன் சரக்கை இன்னொருவனுக்கு விற்பவன் என்று பெயர் விழுந்தால், அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் ஒரு பெயர்ப்பலகை எழுதக்கூடத் தரமாட்டார்கள். அழகியநம்பிக்கு அது நன்றாகத் தெரியும். அவன் மாமனார் வீடும் அதே பஜாரில்தான் இருந்தது.

இணையத்தில் களவு போகும் வடிவங்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சர்க்கார் அலுவலகம் தம்பானூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டபோது, அவனுக்குத் தெய்வமே வழி காட்டியதுபோல இருந்தது. ‘மாநில இணைய வடிவக் காப்பு மையம்’. ஒரு லாட்ஜுக்கு மேலே நான்காம் மாடி. ‘நகல் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்று மூன்று மொழியில் பலகை. பலகைக்கு நேர் கீழே ஒரு ஜெராக்ஸ் மெஷின், அதன் முன்னால் நீளமான வரிசை. மையத்தில் கொடுக்கும் எந்த விண்ணப்பத்துக்கும் ஐந்து நகல் வேண்டும்.

விண்ணப்பம் வாங்கும் இடத்தில் ராகேல் என்ற அம்மாள் இருந்தாள். பாறசாலைப் பக்கம் வீடு, நல்ல மனசு. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வெப்சைட்டைக் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டாள். அது இணையத்தில் இருக்கிறது, திறந்து பார்க்கலாம் என்றான். மையத்தில் இணையம் இல்லை. டெலிபோன் இணைப்புக்கான கோப்பு மூன்று வருஷமாக மேலே போயிருக்கிறது. ஆகவே வெப்சைட்டைக் காகிதத்தில் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் கெஜட்டட் அதிகாரி ஒருவர் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

கலைச்செல்விக்குத் தெரிந்த ஒரே கெஜட்டட் அதிகாரி ஒரு மாட்டு டாக்டர். வெப்சைட்டின் முகப்பில் ஒரு குத்துவிளக்கு எரியும். சுடர் ஆடுவதைக் காகிதத்தில் காட்ட முடியாததால், பன்னிரண்டு தாளில் பன்னிரண்டு சுடர் அச்சடித்து எடுத்துப் போனார்கள். டாக்டர் ஒரு பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, கை கழுவி, பன்னிரண்டு சுடருக்கும் உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டார். மிளகுக்கொடி வந்ததும் நிறுத்தி உற்றுப் பார்த்தார். வாடிய மூன்று இலையைக் காட்டி, இது வாட்ட நோய், போர்டோ கலவை அடியுங்கள் என்றார். தன் படத்தை ஒருவர் நிஜக்கொடி என்று எடுத்துக்கொண்டாரே என்று அழகியநம்பிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

கட்டைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குத் திரும்பினான். ராகேல் தாள் தாளாகப் புரட்டினாள்.

“சார், விண்ணப்பத்துல பதினாலாம் காலம் ஒண்ணும் எழுதாம ஒழிஞ்சு கெடக்கு. வரைஞ்ச சாப்ட்வேரோட பில் நம்பர் எழுதணும், கேட்டீங்களா.”

அழகியநம்பி வரைந்த சாப்ட்வேர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பெஞ்சு போட்டு விற்றவனிடம் வாங்கியது. அதே சிடியில் ஜாதகம் கணிக்கிற சாப்ட்வேரும், நானூறு பக்திப் பாடல்களும் இருந்தன. பில்லுக்கு அங்கே வழக்கமில்லை. திருட்டைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவன் எச்சில் விழுங்குவதை ராகேல் கவனித்தாள். இதற்கு முன்பும் பலர் அதே பதினாலாம் காலத்தில் நின்று எச்சில் விழுங்கியிருக்க வேண்டும். ஒன்றும் விசாரிக்க வேண்டாம், கையால் வரைந்தது என்று எழுதுங்கள் என்று அவளே வழி சொன்னாள். மவுஸைக் கையால்தானே பிடிக்கிறோம்.

அவன் அப்படியே எழுதினான். கையால் செய்தது என்று எழுதியதால் கோப்பு மையத்தின் கைவினைப் பிரிவுக்குப் போய்விட்டது. பத்து நாள் கழித்து ஒரு ஆய்வாளர் வாளிக் கடை மாடிக்கு வந்து, மூலப்பொருள் ஈட்டி மரமா, தேங்காய்ச் சிரட்டையா என்று கேட்டார். வெளிச்சம் என்றான் அழகியநம்பி. அவர் யோசித்து, ‘கிடைக்கும் இடம்: உள்ளூர்’ என்று எழுதிக்கொண்டார்.

கைவினைப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தபோது கூடவே ஒரு புதுப் படிவமும் வந்தது. வடிவத்தில் பிறருக்குச் சொந்தமானவை எவையெவை என்று பட்டியல் தர வேண்டும். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தான். சாயங்காலம் சோம்பலாக இருந்த நேரத்தில், எதற்கும் பார்த்துவிடலாம் என்று கலைச்செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து வெப்சைட்டை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். மஞ்சள் பின்னணி, ஒரு கனடா பள்ளிக்கூடத்தின் பக்கத்திலிருந்து எடுத்தது. பொத்தான்கள், ஜப்பானில் ஒரு ஷூ கம்பெனி. குத்துவிளக்கு, யாரோ ஒரு பக்தர் எல்லோருக்கும் என்று போட்டு வைத்தது. பக்கத்தைக் கட்டம் கட்டிப் பிரித்த விதம், ஒரு பத்திரிகையின் வெப்சைட். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், தொழில் கற்றுக்கொள்கிற முறையே அதுதான் என்று கலைச்செல்விக்கு விளக்கினான். அவள் சரி சரி என்று எழுதிக்கொண்டாள்.

“அந்த வலது பொத்தான் பூட்டு உங்களோடதுதான, அத்தான்?”

அந்தப் பூட்டையும் அழகியநம்பி ஹாலந்துக்காரன் ஒருவனுடைய பக்கத்திலிருந்துதான் எடுத்திருந்தான். ‘தயவுசெய்து என் பெயரை நீக்காதீர்கள்’ என்று ஹாலந்துக்காரன் மேலே ஒரு வரி எழுதியிருந்தான். அந்த வரி இடத்தை அடைக்கிறது என்று இவன் நீக்கியிருந்தான். நகல் எடுப்பதைத் தடுக்கும் சாதனத்தையே நகல் எடுத்தவன் தான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. விசிட்டிங் கார்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தான்.

கடைசியில் மிஞ்சியது கொடி மட்டும்தான். ஆனால் கொடி அவனுடையது. அதை யாரும் தரவில்லை, எங்கிருந்தும் எடுக்கவில்லை. மற்றதெல்லாம் போகட்டும், இந்தக் கொடிக்கு மட்டும் காகிதம் வாங்கிவிட்டால் போதும் என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். பட்டியலை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தான். மையத்தில் அதை ஒருவரும் படிக்கவில்லை. ஐந்து நகல் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்தார்கள்.

பங்குனியில் டைரக்டர் விசாரணைக்கு அழைத்தார். டைரக்டர் சேஷன் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத் தெருக்காரர், மீன்வளத் துறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், தூசி படாமல் இருக்கப் பட்டுத்துணி போர்த்தி இருந்தது. கொடி உம்முடையதுதான் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார்.

அழகியநம்பியிடம் அதற்குப் பதில் இருந்தது. சாலையில் எந்தக் கடைக்காரரும் சிட்டை எழுதுவதற்கு முன் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்தமாட்டார். அவனுக்கும் அந்தப் பழக்கம். கொடியின் உச்சித் தளிருக்கு மேலே, மஞ்சளில் மஞ்சளாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தான். ரிசார்ட்டுக்காரனுக்கு அது என்னவென்று தெரியாததால் அழிக்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, இதோ, இதோ என்று காட்டினான். சேஷன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பேஷ். நன்னா மாட்டிண்டான். ஆனா ஒரு விஷயம், ஓய். இது பிள்ளையார் சுழின்னா, உம்ம அடையாளம் எப்படி ஆகும்? பிள்ளையாரோட அடையாளமில்லையோ அது? அவர் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணுமே.”

கேலி செய்கிறாரா என்று அழகியநம்பி முகத்தைப் பார்த்தான். அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ராகேல்தான் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மையத்தின் அறிவிப்புப் பலகையில் பதினைந்து நாள் நோட்டீஸ் ஒட்டுவது. சம்பந்தப்பட்டவரிடமிருந்து ஆட்சேபணை வராவிட்டால் இல்லை என்று கொள்வது. நோட்டீஸ் ஒட்டினார்கள். பெறுநர் பிள்ளையார், முகவரி பொது. பதினைந்து நாளில் ஆட்சேபணை எதுவும் வரவில்லை. பத்தாம் நாள் யாரோ அதன் அடியில் ஒரு தேங்காய் வைத்துவிட்டுப் போனார்கள், அதையும் கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

அதே விசாரணையில் சேஷன் இன்னொரு உத்தரவும் போட்டிருந்தார். தகராறு தீரும்வரை வெப்சைட்டை இணையத்திலிருந்து இறக்கி, மூலக் கோப்புகள் முழுவதையும் மூன்று சிடியில் பதிந்து, அரக்கு வைத்து மையத்தின் காவலில் ஒப்படைக்க வேண்டும். திருடியவனுடைய வெப்சைட் மேலே இருக்க, தன்னுடையதை ஏன் இறக்க வேண்டும் என்று அழகியநம்பி பணிவாகக் கேட்டான். சேஷன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பாருங்கோ, நாலு பேர் பாக்கறதாலதானே காப்பி அடிக்கறா? யாருமே பாக்கலைன்னா எவன் அடிப்பான்? நம்ம மையத்தோட வெப்சைட்டையே எடுத்துக்கோங்கோ. மூணு வருஷமாச்சு, ஒருத்தனால ஒரு எழுத்துக் காப்பி அடிக்க முடிஞ்சுதா? முடியாது. நாங்க இன்னும் அதை ஆரம்பிக்கவே இல்லை.”

இதில் என்ன பிழை என்று அழகியநம்பிக்கு மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் கீழே வந்துவிட்டான். மூன்று சிடியும் கொடுத்தான். அண்ணாச்சியின் வெப்சைட் இணையத்திலிருந்து போயிற்று. ரிசார்ட்டின் வெப்சைட் இருந்தது, ஆகவே ரூம் கேட்கும் போன்கள் மட்டும் தொடர்ந்து வந்தன. அண்ணாச்சி இப்போது பழகிவிட்டிருந்தார். சீசனில் ரூம் காலியில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

சங்கக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் மையத்திலிருந்து ஒரு அழைப்பிதழ் வந்தது. மையத்தின் சொந்த வெப்சைட் தொடக்க விழா. கோப்பு நிலுவையில் உள்ளவர்கள் குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும் என்று கையால் எழுதியிருந்தது. வணிகர்கள் சார்பில் வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கும் அழைப்பு. விழாவன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சேஷன் மலையாளத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். படைப்பாளியின் வியர்வை பற்றிச் சொல்லும்போது மேஜையை இரண்டு தடவை தட்டினார். மூன்று வருஷம் ஒரு வடிவத்துக்காகத் தேடியதாகவும், வெளியே எங்கேயும் போகாமல் மையத்துக்குள்ளேயே, அலமாரியிலேயே அது கிடைத்ததாகவும் சொன்னார். பிறகு பட்டுத்துணியை விலக்கிப் பொத்தானை அமுக்கினார். சுவரில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மிளகுக்கொடி இறங்கியது.

அழகியநம்பிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் அதை அவ்வளவு பெரிதாக அதுவரை பார்த்ததில்லை. ஆறு பச்சையும் தனித்தனியாகத் தெரிந்தன. மணிகளில் வெளிச்சம் நின்றது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறோம் என்று தோன்றியது. அரங்கம் கைதட்டியபோது அவனும் தட்டிவிட்டான். கலைச்செல்வி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் கண் கடைசி மூன்று இலையில் இருந்தது.

“நம்ம வீட்டு பாட்டில்ல வாடின எல அது, அத்தான்” என்றாள். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

முன்வரிசையிலிருந்து அண்ணாச்சி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் பிடித்துக்கொண்டார். அவன் சொல்ல வந்ததை அவர் கேட்கவில்லை. சர்க்கார் எதற்கு இவனிடம் திருட வேண்டும், சர்க்காருக்கு இல்லாததா? இரண்டு கடைக்கு விற்றவன் மூன்றாவதாக சர்க்காருக்கும் விற்றுவிட்டான், அவ்வளவுதான். கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் காலை மையம் திறப்பதற்கு முன்பே அழகியநம்பி படியில் உட்கார்ந்திருந்தான். சேஷன் அவனை உள்ளே கூப்பிட்டு, டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். உரிமை தீர்மானமாகாத வடிவம் மையத்தின் காவலில் இருக்கிறது. காவலில் இருப்பதைப் பயன்படுத்தினால் என்ன தப்பு?

“களவு போன ஜீப்பைப் போலீஸ் பிடிச்சு ஸ்டேஷன்ல நிறுத்தறான். ஓட்டாம வெச்சா பேட்டரி போயிடும்னு அப்பப்போ ஓட்டறான். உம்ம நன்மைக்குத்தானே? எங்ககிட்ட இருக்கறதால இனிமே எவனும் தொட முடியாது. பதிவு எண் ஒண்ணு போட்டாச்சு. முதல் நம்பர், ஓய். சந்தோஷப்படணும் நீர்.”

பதிவு மையத்தின் பெயரில் இருந்தது. அதை மாற்ற முடியாதா என்றான். மாற்றலாம், மையத்தின் மீது மையத்திலேயே புகார் கொடுக்க வேண்டும், ஐந்து நகல். ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் உடனே ஒரு முத்திரைக் காகிதம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கொடியைப் பயன்படுத்த மையம் அவனுக்கு அனுமதி கொடுக்கும். அவன் செய்ய வேண்டியதெல்லாம், மேற்படி கொடி மையத்துக்குச் சொந்தமானது என்பதை அறிவேன் என்று ஒரு கையெழுத்து.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான். அது மலையாளத்தில் இருந்தது, கலைச்செல்வி மலையாளத்தில் படித்தவள். வாசித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டால் சாப்பாடு போடமாட்டேன் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அழகியநம்பி தன்னை ஒரு கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி முத்திரையைத்தான் பார்ப்பார், எழுத்தைப் படிக்கமாட்டார். தலைகீழாகக் கொடுத்தாலும் முத்திரை நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டான். கையெழுத்துப் போட்டான். ராகேல் தன் கையாலேயே முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் நூற்றைம்பது வியாபாரிகள் இருந்தார்கள். அழகியநம்பி பெருங்காய வியாபாரி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணாச்சி காகிதத்தை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார், விரலால் தடவினார், திருப்தியாகத் தலையாட்டினார். அழகியநம்பி மூச்சு விட்டான். அண்ணாச்சி காகிதத்தைச் செயலாளரிடம் நீட்டினார்.

சங்கத்துக்கு வரும் எந்தக் காகிதத்தையும் செயலாளர் எழுந்து நின்று முழுக்க வாசித்து, தமிழில் அர்த்தமும் சொல்லிவிட்டுத்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். கெட்டிக்காரனுக்கு இது தெரியாது. அவன் சங்கத்தில் உறுப்பினன் இல்லை.

செயலாளர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு அர்த்தம் சொன்னார். ‘பதிவு எண் ஒன்று, மிளகுக்கொடி. இது மையத்துக்குச் சொந்தமான வடிவம். சாலை அழகியநம்பி என்பவர் இதை நகல் எடுத்துக்கொள்ள மனமிரங்கி ஓராண்டு அனுமதி வழங்கப்படுகிறது.’

அழகியநம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி எந்த ஊருக்குப் போவது என்றுகூட யோசித்துவிட்டான். அண்ணாச்சி மெதுவாக எழுந்தார்.

“கேட்டியளா? சர்க்காருக்குச் சொந்தமான சாதனம். அத இவன் சர்க்கார்கிட்டயே போய்க் கேட்டு, முத்திர வாங்கிக் காப்பி அடிச்சிருக்கான். நம்ம பஜார்ல கேட்டுட்டுக் காப்பி அடிச்சவன் வேற எவனாவது இருந்தா எந்திரிங்க, பாப்போம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. பேர்போன சோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்பவர் அங்கே இருந்தார். அடுத்த கடைக்காரரின் ஊதுபத்தி உறையில் இருந்த மயிலைக் கழுத்தை மட்டும் திருப்பி அச்சடித்தவர் இருந்தார். எல்லோரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அது நிற்க நேரமாயிற்று.

அழகியநம்பி எழுந்து நின்றான். நான்தான் வரைந்தேன் என்று சொல்ல வாய் திறந்தான். நூற்றைம்பது முகமும் அவனைப் பாசமாகப் பார்த்தன. சொன்னால் சர்க்கார் முத்திரைக்கு எதிராகப் பொய் சொல்கிறவன் ஆவான். இப்போதுதான் கிடைத்த பெயர் இங்கேயே போய்விடும். ரொம்ப சந்தோஷம் என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டான். அழகியநம்பி கள்ளன் அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பாயசம் வந்தது.

பக்கத்து நாற்காலிப் பெருங்காய வியாபாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, அந்தப் பெர்மிஷன் எனக்கும் ஒண்ணு வாங்கித் தரணும். எனக்கு அதே கொடி போதும். எவன் வரைஞ்சானோ, நல்லா வரைஞ்சிருக்கான்.”

“ஆமா அண்ணே” என்றான் அழகியநம்பி. “நல்லா வரைஞ்சிருக்கான்.”